முதல் வரியில் எழுதிவிடு

ஜனவரி 9

தங்கைக்கு,

ஒன்பது வருடம் கழித்து எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று தொடங்க மனம் வரவில்லை. நலமாக இருந்திருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன்.

சர்க்கரை. நாலு வருடமாக மாத்திரை விழுங்குகிறேன், ஞாபகம் வந்த நாட்களில். போன வாரம் டாக்டர் என்னைப் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் ஒரு நைலான் இழையால் தொட்டுப் பார்க்கப் போவதாகச் சொன்னார். "ஆரம்பிச்சா சொல்லுங்க" என்றேன். "பத்து இடத்துல தொட்டு முடிச்சாச்சு" என்றார்.

வெறும் வயிற்றில் 286. மூன்று மாதம் பார்ப்பாராம். மாத்திரையை மாற்றியிருக்கிறார். அதோடு தினமும் உடம்பை அசைத்தே ஆக வேண்டுமாம். இல்லையென்றால் வலது பாதத்தில்தான் முதலில் கை வைக்க வேண்டிவரும் என்று, ஏதோ பழைய நாற்காலியைப் பற்றிப் பேசுவது போலச் சொன்னார். விரல், அப்புறம் பாதம், அப்புறம் அவர் தன் கையால் என் கெண்டைக்காலின் நடுவில் ஒரு கோடு காட்டினார்.

நடக்கச் சொல்கிறார். வெளியே போய் நடக்க என்னால் முடியாது. டிசம்பரில் ஒரு நாள் தெருமுனைவரை போனபோது, டீக்கடைக்காரன் பின்னாலிருந்து கூப்பிட்டான். "சார், உங்க செருப்பு ஒண்ணு மரத்தடியில கிடக்குது." கழன்று விழுந்ததே எனக்குத் தெரியவில்லை. ஒற்றைச் செருப்போடு அரைத் தெரு நடந்திருக்கிறேன். பெஞ்சில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து தெருவில் கால் வைப்பதில்லை.

வீட்டுக்குள்ளேயே என்ன செய்யலாம் என்று கேட்டேன். ஒரு ஃபிசியோவைப் பாருங்கள் என்றார். எனக்குத் தெரிந்த ஃபிசியோ உலகத்தில் ஒருத்திதான். தலையெழுத்து. சர்க்கரைக்காரர்களுக்கு உன் க்ளினிக்கில் ஒரு தாள் கொடுப்பீர்களே, அதை அனுப்பு. தாள் போதும். அறிவுரை வேண்டாம்.

கைப்பேசியில் உன் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறேன். அது அப்படியே இருக்கட்டும். பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன். தாளில் இரண்டுக்கும் இடமில்லை.

இன்னொன்று. என்னை விட்டுப் போனவளைப் பற்றி எழுதக் கூடாது. எழுதியே தீர வேண்டும் என்று உனக்கு நமைச்சல் எடுத்தால், முதல் வரியில் எழுதிவிடு. நடுவில் ஒளித்துவைக்காதே. முதல் வரியைப் பார்த்ததும் மடித்துவைத்துவிட எனக்குத் தோதாக இருக்கும். கட்டின புருஷன் வீட்டுப் படியில் அவள் இறங்கியபோது பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனது அவன் கூடப்பிறந்த தங்கை. இதை மறப்பதற்கு ஒன்பது வருடம் போதவில்லை.

அண்ணன்

•

ஜனவரி 15

அண்ணா,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்தேன். அப்புறம்தான், போவதற்கு நம் வீட்டில் இனி நாம் இரண்டு பேரைத் தவிர ஆள் இல்லையே என்று உறைத்தது. உட்கார்ந்துகொண்டுதான் பிரித்தேன்.

நிபந்தனைக்குச் சம்மதம். அவள் பேச்சு வந்தால் முதல் வரியில் வரும், இல்லையென்றால் வரவே வராது. விளையாட்டில்கூட நான் ஏமாற்றியதில்லை. ஏமாற்றுவது நீதான்.

இத்துடன் தாளை வைத்திருக்கிறேன். சுருக்கமாகச் சொல்கிறேன், இது அறிவுரை இல்லை, என் தொழில். கை இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடு. கையை ஊன்றாமல் எழுந்து உட்கார், பத்து தடவை. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்கு. ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டி இரண்டை நிரப்பிக் கையில் பிடித்து மடக்கி நீட்டு. சாப்பிட்டதும் உட்காராதே, நின்ற இடத்திலேயே பத்து நிமிடம் நட. சதை வேலை செய்தால் அது ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையைத் தானே இழுத்துக்கொள்ளும். அதற்கு மைதானம் வேண்டாம், பாயளவு இடம் போதும். தொடங்கும் முன் விரலைக் குத்திப் பார். நூறுக்குக் கீழே என்றால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுச் செய். முந்நூறுக்கு மேலே என்றால் அன்றைக்கு வேண்டாம், டாக்டரிடம் போ.

உன்னை எனக்குத் தெரியும். முதல் நாள் நூறு செய்வாய், மூன்றாம் நாள் தாளில் குற்றம் கண்டுபிடிப்பாய், நாலாம் நாள் படுத்துவிடுவாய். பத்து செய். பத்து போதும்.

உன் பாதத்தைப் பற்றி நீ எழுதியதை வேலைக்கு நடுவில் நாலு தடவை வாசித்தேன். நீ வைத்த பெயரிலேயே கையெழுத்துப் போடுகிறேன்.

கொசு

•

பிப்ரவரி 2

தங்கைக்கு,

உன் தாளில் பதினோரு பிழைகள். சிவப்பு மையில் திருத்தி இத்துடன் அனுப்புகிறேன். "முட்டியை மடக்கி நிமிர்த்தவும்" என்று போட்டிருக்கிறீர்கள். யாருடைய முட்டியை, எந்தத் திசையில்? "வலி இருந்தால் நிறுத்தவும், மருத்துவரை அணுகவும்" என்பதில் யாரை நிறுத்துவது? வலியே தெரியாதவன் எதைக் கண்டு நிறுத்துவது? இப்படிப்பட்ட தாளை நம்பி ஊரெல்லாம் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

செய்கிறேன். "காலணி அணியவும்" என்றிருப்பதால் பழைய கேன்வாஸ் ஷூவைத் தேடி எடுத்தேன். முதல் நாள் ஏழாவது தடவை எழுந்தபோது தொடை நடுங்கி, பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். இருபத்தாறு வருடம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பிறர் பிழையைத் திருத்திய தொடை. ஒன்பதாம் நாள் பத்து வந்தது. வெறும் வயிற்றில் 231. நேற்று 198.

இப்போது அச்சகத்துக்குப் போவதில்லை. தலைமை மெய்ப்பாளர் வேலை எனக்கு வரவேண்டியது. ஒற்று எங்கே மிகும் என்று தெரியாத மேலாளரின் மருமகனுக்குப் போயிற்று. எனக்கு, "நீங்க வீட்டுலருந்தே பாருங்க சார், உங்களுக்கும் வசதி" என்றார்கள். மரியாதையாகத் துரத்துவது எப்படி என்று அவர்களிடம்தான் படிக்க வேண்டும். வாரம் இரண்டு முறை மெய்ப்புகள் கட்டுக்கட்டாகக் குண்டூசி குத்தி வருகின்றன. நான் பிரித்துப் பரப்பி, திருத்தி, கட்டி அனுப்புகிறேன். ஆள் முகம் பார்ப்பது பொட்டலம் கொண்டுவருகிறவன் முகம் மட்டும்.

நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். நான் அவளைக் கைநீட்டி அடித்ததில்லை. குடித்ததில்லை. வேறொருத்தியை ஏறிட்டுப் பார்த்ததில்லை. அப்படியிருந்தும் போனாள். நீ தூக்கிய பெட்டியின் கைப்பிடி பழுப்பு நிறம். அது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அண்ணன்

•

பிப்ரவரி 9

அண்ணா,

நீ ஆரம்பித்த பேச்சுக்குப் பதில் எழுதினால் அதை முதல் வரியில் எழுத வேண்டும். நீ மடித்துவைத்துவிடுவாய். அதனால் எழுதவில்லை. என்னிடம் பதில் இல்லை என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே.

198! க்ளினிக்கில் கத்திவிட்டேன். உன் சிவப்புத் தாளைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். பெரிய டாக்டர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு முழுசாக வாசித்தார். "யாரும்மா இது, நம்ம மானத்தை வாங்குறது?" "எங்க அண்ணன், டாக்டர்." "நோயாளியா?" "ஆமா." "அப்போ பொழச்சுக்குவாரு. சண்டை போடுறவன் பொழச்சுக்குவான்." அடுத்த அச்சு உன் திருத்தத்தோடு வருகிறது.

வலியே தெரியாதவன் எதைக் கண்டு நிறுத்துவது என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்விக்கு அந்தத் தாளில் பதில் இல்லை என்பது உண்மை. கண்ணால் பார். வலி செய்ய வேண்டிய வேலையை இனிக் கண்தான் செய்ய வேண்டும். காலை எட்டு மணி வெளிச்சத்தில் பாதத்தைத் திருப்பிப் பார். குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடியை வைத்து அதன் மேல் பாதத்தைக் காட்டு. செய்வாயா?

கொசு

•

மார்ச் 4

தங்கைக்கு,

142.

இன்னொரு தடவை எழுதுகிறேன், பிழையில்லை: 142. அந்த டாக்டர் எந்திரத்தையே சந்தேகப்பட்டு, வேறு எந்திரத்தில் குத்திப் பார்த்தார். அதில் 139. "என்ன சார் பண்றீங்க?" என்றார். வீட்டிலேயே நடக்கிறேன் என்றேன். ஏப்ரல் பத்தாம் தேதி வரச் சொன்னார். அதுவரை இப்படியே போனால் பாதத்தைப் பற்றி இந்த வருடம் பேச வேண்டாம் என்றார். படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்கவில்லை. சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன்.

நல்லது நடந்தால் இந்த வீட்டில் ஒரு இடைஞ்சல் கூடவே வரும். கீழ்வீட்டுக்காரன் பஸ் ஓட்டுநர். இரவு வண்டி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறவன். போன செவ்வாய் மேலே வந்துவிட்டான், பனியனோடு.

"சார், மேல என்ன, பட்டாளமா நடக்குது?"

"உடற்பயிற்சி."

"எங்க போறீங்க இவ்வளவு நேரம்? கிளம்பி பத்து நிமிஷமாச்சு, இன்னும் என் தலைக்கு மேலதான் இருக்கீங்க."

"சர்க்கரை. நடக்கணும்."

"நடங்க சார், யார் வேணாம்னது. ஷூவைக் கழட்டிட்டு நடங்க. எங்கம்மாவுக்கும் இருந்துச்சு. ஆனா அது இப்படி அணிவகுத்ததில்ல."

கோபக்காரன் இல்லை. கண் சிவந்து கிடந்தது. அந்தக் கண்ணோடு அவன் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு போகவேண்டும். எனக்கே பாவமாக இருந்தது. அதனால் ஷூவைக் கழற்றிவிட்டேன். போர்வையை நாலாக மடித்து நாற்காலிக்குப் பக்கத்தில் விரித்து, அதன் மேல் வெறுங்காலோடு நடக்கிறேன். சத்தமே இல்லை. மிதப்பது போலிருக்கிறது. பாதத்தைத் திருப்பிப் பார்க்கச் சொன்னாய். இரண்டு நாள் பார்த்தேன், அழகாக ஒன்றுமில்லை. விட்டுவிட்டேன்.

காலை பதினைந்து நிமிடம், மதியம் பதினைந்து, மாலை பதினைந்து. மெய்ப்புக் கட்டு ஒன்று முடிந்தால் ஒரு நடை. என் வாழ்க்கையில் நான் சொன்னபடி கேட்டது இந்த உடம்பு ஒன்றுதான்.

அண்ணன்

•

மார்ச் 10

அண்ணி சொன்னதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுதப் போகிறேன், முதல் வரியில் எழுதச் சொன்னாய், எழுதிவிட்டேன்.

அண்ணா, மடித்துவிடாதே. இந்த ஒரு தடவை மேலே வாசி.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்திருந்தாள். இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள், உனக்குத் தெரியும். உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அது தப்பென்றால் திட்டிக்கொள். 142 என்றதும் கையைத் தட்டினாள். பஸ் ஓட்டுநர் பேசியதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். போர்வை என்றதும் சிரிப்பு நின்றுவிட்டது.

"வெறுங்காலோடயா? அந்த வீட்டுலயா?"

"ஏன் அண்ணி?"

"குண்டூசி. ஆபீஸ்லருந்து வீட்டுக்குத் தூக்கிட்டு வர்ற புரூஃப் கட்டுலருந்து உருவி உருவி நாற்காலி மெத்தையில குத்தி வைப்பாரு. ஞாபகமெல்லாம் எழுத்து மேலதான். பாதி கீழ விழும். தொடப்பம் போட்டாப் போகாது. பழைய ஸ்பீக்கர்லருந்து காந்தத்தைப் பிச்சு, கயித்துல கட்டித் தரையெல்லாம் இழுப்பேன். ஒரு நாளைக்கு எட்டு, பத்து வரும். போர்வையில விழுந்தா கண்ணுக்கே தெரியாது. எனக்காவது குத்துனா வலிச்சுது. அவருக்கு?"

அண்ணா, வெறுங்காலோடு செய்யாதே. இன்றே நிறுத்து. ஓட்டுநர் தூங்கும் நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடி காலைத் தூக்கி இறக்கு, அதில் சத்தம் வராது. மற்ற நேரத்தில் ஷூ போடு, போடும் முன் உள்ளே கைவிட்டுப் பார். போர்வையை உதறு. ஒரு காந்தம் வாங்கு. முக்கியமாக, இதை வாசித்து முடித்ததும் வலது பாதத்தின் அடியைப் பார். சின்னச் சிவப்புப் புள்ளியாக இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போ.

இதையெல்லாம் நானே சொல்வதாக எழுதியிருக்கலாம் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் குண்டூசி கீழே விழுவது அவளைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? நீ ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவாய். அப்புறம் என் எழுத்து எதையும் நம்பமாட்டாய். வாக்குக் கொடுத்தேன், காப்பாற்றுகிறேன். நீயும் கொஞ்சம் காப்பாற்று, உன்னை.

கொசு

•

மார்ச் 17

தங்கைக்கு,

முதல் வரியைப் பார்த்தேன். மடித்துவிட்டேன். சொன்ன சொல் தவறாமல் முதல் வரியிலேயே எழுதியதற்கு நன்றி. அகராதியின் நடுவில் வைத்திருக்கிறேன், அங்கே பத்திரமாக இருக்கும். நாள் முழுக்க ஒரு வரி விடாமல் வாசிக்கிறவன் நான். ஒரே ஒரு கடிதத்தை வாசிக்காமல் இருக்க எனக்கு உரிமை உண்டு.

இரண்டு மாதம் ஒழுங்காக இருந்தாய். என் உடம்பு தேறுகிறது என்றதும் உனக்குப் பொறுக்கவில்லை, அவளை உள்ளே கொண்டுவந்துவிட்டாய். என் வீட்டில் நான் எப்படி இருந்தாலும் அதில் அவளுக்கு என்ன சொல்ல இருக்கிறது? வேண்டாத பெண்டாட்டி கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம் என்பார்கள். வேண்டாத புருஷனுக்கும் அதுதான் போலிருக்கிறது.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து எண் ஏறிவிட்டது. 214, 260, இன்று காலை 318. கோபத்தில் சர்க்கரை ஏறும் என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். ஆக, இது உன் எண். முந்நூறுக்கு மேல் போனால் செய்யாதே என்று நீ எழுதியது ஞாபகம் இருக்கிறது. ஏப்ரல் பத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. இப்போது நிறுத்தினால் இதுவரை செய்ததெல்லாம் பாழ். நேரத்தை இரட்டிப்பாக்கிவிட்டேன். வேளைக்கு அரை மணி. குதிகாலைத் தூக்குவது ஐம்பது.

மூன்று நாளாக மாலையில் குளிர் நடுக்கம். காலுறையோடுதான் படுக்கிறேன். வலதுகால் உறை ஈரமாகிப் பாதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. வியர்வையாக இருக்கும், நடை கூடியிருக்கிறதல்லவா. அறையில் ஒரு நாற்றம். எலி செத்துக் கிடக்கிறது என்று அலமாரியை நகர்த்திப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஓட்டுநரும் வாசலில் மூக்கைச் சுளித்துவிட்டு, "ஜன்னலைத் திறந்து வைங்க சார்" என்றான்.

இனி எழுதாதே. தாள் இருக்கிறது, போதும்.

அண்ணன்

•

மார்ச் 21
விரைவு அஞ்சல்

இந்த முதல் வரியில் அண்ணி இல்லை, வாசி.

அலமாரிக்குப் பின்னால் எலி இல்லை. அந்த நாற்றம் உன் காலுறையில். இப்போதே உட்கார், வலது உறையைக் கழற்று. ஒட்டியிருந்தால் இழுக்காதே, தண்ணீர் விட்டு நனைத்துக் கழற்று. அடிப்பாதத்தைக் கண்ணாடியில் பார். என்ன இருந்தாலும், ஒன்றுமே இல்லாதது போல இருந்தாலும், ஆஸ்பத்திரிக்குப் போ. நடந்து போகாதே. ஓட்டுநரைக் கூப்பிடு, தூங்கினால் எழுப்பு.

க்ளினிக் ஃபோனிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. அச்சகத்துக்குப் பேசினேன். நீ இந்த வாரக் கட்டைத் திருப்பி அனுப்பவில்லை என்றார்கள். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாம். உன்னிடம் ஆள் அனுப்பச் சொன்னேன். திங்கட்கிழமை பார்க்கலாம் என்கிறார்கள்.

•

மார்ச் 24
ஆண்கள் அறுவைப் பிரிவு, மூன்றாம் கட்டில்

தங்கைக்கு,

கழற்றினேன். பெருவிரலுக்குக் கீழே, பாதம் மெத்தென்று இருக்கிற இடத்தில், ஒரு குண்டூசியின் தலை. சட்டைப் பொத்தான் தைத்தது போல அவ்வளவு நேர்த்தியாகப் பதிந்திருந்தது. சுற்றிலும் கறுப்பு. எத்தனை நாளாக அது உள்ளே இருந்தது என்று டாக்டர் கேட்டார். தெரியாது என்றேன். வேளைக்கு அரை மணி அதன் மேல் நடந்திருக்கிறேன். ஒவ்வொரு நடைக்கும் அதை நானே உள்ளே அடித்து இறக்கியிருக்கிறேன். தினம் மூன்று வேளை, ஒரு வேளை தவறாமல்.

ஓட்டுநரை எழுப்பினேன். என் காலைப் பார்த்தான். என்னை முதுகில் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கினான். வண்டியில் ஏறினதும், "நான்தான சார் ஷூவைக் கழட்டச் சொன்னேன்" என்றான். "பாதையைப் பாருங்க" என்றேன்.

அகராதியைக் கையோடு எடுத்துவரச் சொல்லியிருந்தேன். உன் கடிதத்தை இங்கேதான் வாசித்தேன். ஸ்பீக்கர் காந்தம். அவள் தரையில் எதையோ கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். என்ன அது என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. பைத்தியம் என்று நினைத்தேன். அவள் ஏன் போனாள் என்று உனக்கு அவள் சொல்லியிருப்பாள். நானும் சொல்கிறேன், என் வாயாலும் ஒரு தடவை வரட்டும். அவள் தன் அம்மாவுக்கு எழுதிய கடிதத்தை எடுத்து, பிழைகளையெல்லாம் சிவப்பு மையில் திருத்தி, மேசையில் அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பத்தொன்பது பிழை. எண்ணிக்கையை ஓரத்தில் எழுதி வட்டமும் போட்டேன். அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டில் ஒரு வரி எழுதவில்லை, நாலு மாதத்தில் போய்விட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்கிறார்கள். கையெழுத்துக் கேட்கிறார்கள். நான் போடவில்லை. ஊசி மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டு நாள் பார்ப்போம், அதற்கு மேல் தாங்காது என்று சின்ன டாக்டர் சொல்கிறாள். உன் வயதுதான் இருக்கும்.

உன்னிடம் கேட்கிறேன். படுத்தபடி செய்கிற பயிற்சி ஏதாவது உண்டா? ரத்தம் இறங்கிப் போகிற மாதிரி, பாதத்துக்கு உயிர் வருகிற மாதிரி ஏதாவது? எத்தனை தடவை என்றாலும் செய்கிறேன். உனக்குத் தெரியும், நான் செய்வேன். 286-ஐ 142 ஆக்கியவன். உன் பெரிய டாக்டரைக் கேள். சண்டை போடுகிறவன் பிழைப்பான் என்றாராமே, எதனுடன் சண்டை போடுவது என்று கேட்டுச் சொல். எந்தத் தாளாக இருந்தாலும் அனுப்பு. இந்தத் தடவை பிழை பார்க்க மாட்டேன்.

ஓட்டுநரிடம் உன் எண்ணைக் கொடுத்துத் தகவல் சொல்லச் சொன்னேன்; நேற்று வார்டுக்கு நீ பேசியதாக நர்ஸ் சொன்னாள். ஃபோனுக்கு வர என்னால் முடியவில்லை. குரலைக் கேட்டால் உடைந்துவிடுவேன். இந்தக் கடிதத்தை அவள் தன் கைப்பேசியில் படம் பிடித்து உனக்கு அனுப்புவாள், பதிலையும் அவளுக்கே அனுப்பு. எழுது.

அண்ணன்

•

மார்ச் 25
நர்ஸின் கைப்பேசிக்கு, படமாக

அண்ணா,

இல்லை.

இருந்தால் உனக்குச் சொல்லாமல் யாருக்குச் சொல்வேன்? உன் டாக்டரிடம் பேசினேன், எங்கள் பெரிய டாக்டரையும் அவரோடு பேசவைத்தேன். இரண்டு பேரும் ஒன்றையேதான் சொல்கிறார்கள். நீ கையெழுத்தைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மணி நேரமும் அது மேலே ஏறுகிறது. இன்றைக்கு முழங்காலுக்குக் கீழே. வெள்ளிக்கிழமை என்றால் மேலே. ஞாயிற்றுக்கிழமை என்றால் கால் விஷயமே இல்லை, நீ இருக்கமாட்டாய். வாரத்துக்கு இரண்டு பேரை இப்படிப் பார்க்கிறேன். முழங்கால் மிஞ்சினவர்களை நடக்க வைத்திருக்கிறேன். மிஞ்சாதவர்களோடு படுகிற பாடு வேறு. போடு கையெழுத்தை.

உன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும். மார்ச் பத்தாம் தேதிக் கடிதத்தை மனசுக்குள் திரும்பத் திரும்ப எழுதிப் பார்க்கிறேன். முதல் வரியில் "வெறுங்கால் வேண்டாம்" என்று ஆரம்பித்து, அண்ணியை மூன்றாம் வரியில் வைத்தால் என்ன கெட்டிருக்கும்? வாக்கு கெட்டிருக்கும். அவ்வளவுதான். அதை நேர்மை என்று நினைத்தேன். நம் வீட்டுப் பிடிவாதம், உன்னிடம் ஒரு பங்கு, என்னிடம் ஒரு பங்கு. என்னுடையதற்கு நல்ல பெயர் வைத்திருந்தேன், அதுதான் வித்தியாசம்.

இன்று மாலை ரயில் ஏறுகிறேன். ஒன்றரை நாள். எனக்காகக் காத்திருக்காதே. நான் வரும்போது அது முடிந்திருக்க வேண்டும். இடது காலுக்கும் கைகளுக்கும் மூன்றாம் நாளே வேலை ஆரம்பிப்பேன். நீ கத்து, நான் அழுகிறேன், ஆனால் செய்தாக வேண்டும்.

கொசு

•

மார்ச் 26, காலை

கொசுவுக்கு,

இந்தக் கடிதம் தபாலில் போகாது. தலையணைக்குக் கீழே வைக்கச் சொல்லி நர்ஸிடம் கொடுக்கிறேன். நீ வரும்போது நான் என்ன நிலையில் இருப்பேனோ.

நேற்றிரவு கையெழுத்துப் போடவில்லை. உன் கடிதத்தை நர்ஸ் இன்று ஏழு மணிக்கு வேலைக்கு வந்ததும் காட்டினாள். ஏழே காலுக்குப் போட்டேன். சின்ன டாக்டர் வந்து நீலப் பேனாவால் முழங்காலுக்கு நாலு விரல் கீழே ஒரு கோடு போட்டு, எந்தக் கால் என்று தவறு நேராமல் இருக்க, தொடையில் ஓர் அம்புக்குறியும் போட்டுவிட்டுப் போனாள். ஓரத்தில் நீக்கல் குறி போட்டால் அந்த வார்த்தை அடுத்த மெய்ப்பில் இருக்காது. இருபத்தாறு வருடம் நான் போட்ட குறி. பேனா என் தோலில் போனது எனக்குத் தெரியவில்லை. பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

பயமாக இருக்கிறது. இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. எண்ணை நான்தான் இறக்கினேன், யாரும் இறக்கித் தரவில்லை. அதற்கு இது கூலியா என்று கேட்க ஓர் ஆள் வேண்டும் போலிருக்கிறது. ஆள் இல்லை. அச்சகத்தில் இருந்து ஒருவரும் வரவில்லை. ஓட்டுநர் மட்டும் வேலை முடிந்து நேரே வந்து, அரை மணி உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டுப் போனான்.

அவளிடம், அவள் சொன்னது சரி என்று சொல். வேறொன்றும் சொல்லாதே. வரச் சொல்லாதே. வந்தால் தடுக்காதே.

ஒன்பது மணிக்குக் கூட்டிப்போவார்கள். சாப்பாடு இல்லை, தண்ணீர் இல்லை. எட்டரை மணிக்கு என்ன செய்வதென்று தெரியாமல், போர்வையை விலக்கிவிட்டு, வலது பாதத்தை மேலும் கீழும் அசைக்க ஆரம்பித்தேன். பத்து என்று கணக்கு. கட்டு பெரிதாகப் போட்டிருக்கிறார்கள், எனக்குக் குனிந்து பார்க்க முடியவில்லை. உள்ளேயிருந்து ஒரு சேதியும் வரவில்லை. அசைகிறதா, நான் நினைத்துக்கொள்கிறேனா என்று தெரியவில்லை. எதிர்க்கட்டிலில் ஒரு பெயின்டர், சாரத்திலிருந்து விழுந்தவர், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் கால் அசையுதா, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

தலையைத் தூக்கி நிதானமாகப் பார்த்தார்.

"அசையுதுங்க சார். நல்லாவே அசையுது."

அண்ணன்